வீட்டிற்குள் ஒரு கடல்: உவர்நீர் மீன்தொட்டியின் வரலாற்றில் நீரும் நுண்ணுயிரும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் வைக்கும் கடல்நீர் மீன்தொட்டியின் வரலாறு பெரும்பாலும் கண்ணாடியின் வரலாறாகவும் இயற்கை ஆர்வலர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனை நீரின் வரலாறாக அணுகுகிறது. கடலிலிருந்து பிரித்தெடுத்த நீர் ஏன் கெட்டது, அதைக் கெடாமல் காத்தது எது, அந்த அறிவு எங்கே பிறந்து எவ்வளவு காலம் கழித்துத் தொட்டிக்கு வந்தது என்பன ஆராயப்படுகின்றன. 1909ஆம் ஆண்டு சென்னைக் கடல்மீன் காட்சியகமும், கடலுக்குத் தொலைவிலுள்ள திருப்புட்குழி போன்ற ஊர்களின் நிலையும் இந்நோக்கில் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உவர்நீர் மீன்தொட்டி, நைட்ரேட்டாக்கம், உப்பளம், சென்னைக் கடல்மீன் காட்சியகம், உமணர், திருப்புட்குழி

முன்னுரை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே அமைந்த திருப்புட்குழி, விசயராகவப் பெருமாள் கோயிலாலும் சடாயு தீர்த்தத்தாலும் அறியப்படும் ஊர். வங்கக் கடற்கரை அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. கோயில் திருக்குளத்து மீன்களுக்குப் பொரி இடுவது இத்தகைய ஊர்களில் வழிவழி வந்த பழக்கம். நன்னீர் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதும் இன்று புதுமையன்று. ஆனால் இவ்வூரின் ஒரு நெசவாளர் வீட்டு முன்கட்டில் கடல்மீன் ஒன்றை வைத்து வளர்க்க ஒருவர் முற்பட்டால், அவர் முதலில் எதிர்கொள்வது மீனைப் பற்றிய கேள்வியாக இராது. கடலை எப்படிக் கொண்டுவருவது என்பதே அவருடைய முதற் கேள்வி. கொண்டுவந்த கடலை எப்படிச் சாகாமல் வைப்பது என்பது இரண்டாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முதல் தொட்டிகளை அமைத்தவர்களும் இதே இரு கேள்விகளுடன்தான் போராடினர். முதற் கேள்விக்கு அவர்கள் சில ஆண்டுகளில் ஒருவாறு விடை கண்டனர். இரண்டாவதற்கு உரிய விடை, தொட்டிக்குத் தொடர்பே இல்லாததாகத் தோன்றிய வேளாண் வேதியியலில் பிறந்து, மிகப் பிந்தியே தொட்டியை வந்தடைந்தது. இத்தாமதமே இக்கட்டுரையின் பொருள்.

உப்பு மட்டும் கடலாகாது

கடலை உள்நாட்டிற்குச் சுமந்து செல்லும் தொழில் தமிழகத்தில் மிகப் பழையது. சங்க இலக்கியம் காட்டும் உமணர், கடற்கரைக் கழிகளில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று, நெல்லுக்கு மாற்றாக விற்றனர். ஆயின் அவர்கள் சுமந்தது கடலின் ஒரு கூறு மட்டுமே. இவ்வேறுபாடு தொட்டி அமைப்பவருக்கு உயிர்நாடியானது. உப்பளத்தின் செயல்முறையை அறிந்தவர்க்கு அது எளிதில் விளங்கும்.

மரக்காணம், வேதாரணியம், தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் பாத்தி பாத்தியாகக் கடத்தப்பட்டு வெயிலில் செறிவூட்டப்படுகிறது. நீர் வற்ற வற்ற அதிலுள்ள பொருள்கள் ஒரே நேரத்தில் படிவதில்லை. சுண்ணாம்புச் சேர்மங்கள் முதலில் படிகின்றன. அவற்றுள் பெரும்பகுதி ஜிப்சம். போமே மானியில் ஏறத்தாழ 25 பாகை காட்டும் நிலையில் சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். 29 பாகையை நெருங்கும்போது எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும். நல்ல உப்பு வேண்டுவோர் அந்நீரை வெளியேற்றிவிடுவர். எனவே உப்பளம் என்பது கடலைக் கூறுகளாகப் பிரிக்கும் பட்டறை. ஜிப்சம் ஒரு பாத்தியில் தங்கிவிட்டது. மக்னீசியம் கசப்பு நீரோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்தது சோடியம் குளோரைடு மட்டும். அதனை மீண்டும் நீரில் கரைத்தால் உவர்ப்பான நீர் கிடைக்குமே ஒழியக் கடல்நீர் கிடைக்காது. சமையல் உப்பைக் கரைத்து அதில் கடல்மீனை விடுவோர் இன்றும் உளர். அவர்தம் தோல்விக்குக் காரணம் உப்பளப் பாத்தியிலேயே இருக்கிறது.

ஒரு லிட்டர் பெருங்கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் சோடியமும் குளோரைடும் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு. மக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம் முதலியன எஞ்சியவை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பயணத்தில் திரட்டிய 77 நீர் மாதிரிகளைப் பகுத்தாய்ந்த வில்லியம் டிட்மார், 1884இல் வெளியிட்ட அறிக்கையில் முதன்மையான உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் எங்கும் ஏறத்தாழ மாறாதிருப்பதை நிறுவினார். கடல்நீரைச் செயற்கையாக உருவாக்க இயலும் என்ற நம்பிக்கைக்கு இதுவே உறுதியான அடித்தளம். இருப்பினும் முயற்சி அதற்கு முப்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கைக் கலந்து இலண்டனில் கடல்நீர் செய்தார். சிறிதளவே உள்ளன என்று கருதிச் சுண்ணாம்புச் சேர்மங்களை அவர் விட்டுவிட்டார். ஆயினும் அந்நீரில் உயிர்கள் பிழைத்தன. காஸ் உயிர்களை உடனே இடவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. கடற்கரைக் கூழாங்கற்களையும் பாசி ஒட்டிய கற்களையும் முதலில் இட்டுச் சில நாள் பொறுத்த பின்னரே அவர் உயிர்களை விட்டார். பாசி நீரைப் பக்குவப்படுத்தும் என்பது அவர் கொண்ட விளக்கம். கற்களின் மேல் வேறு சிலவும் ஒட்டியிருந்தன என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் தொட்டிகளும் பெயரற்ற உழைப்பும்

முதல் கடல்நீர்த் தொட்டி யாருடையது என்ற கேள்விக்கு ஒற்றை விடை தருவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பிரான்சில் பிறந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ழான்னெத் வில்ப்ரே பவர் என்ற அம்மையார், 1832 முதல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து ஆர்கோநாட்டு என்னும் எண்காலியின் ஓட்டை ஆராய்ந்தார். அவ்வுயிர் பிறிதொன்றின் ஓட்டைக் களவாடி வாழ்கிறது என்ற பழைய கருத்தை மறுத்து, அதுவே தன் ஓட்டை உருவாக்குகிறது என்பதை அவர் உயிருள்ள நிலையில் கண்டு நிறுவினார். ஆய்வுக்கென்றே தொட்டி அமைத்தவர்களுள் அவர் முன்னோடி என்பதில் ஐயமில்லை. ஆனால் மெசினா துறைமுக நகரம். கடல் அவர் வாசலில் இருந்தது.

எடின்பரோவில் சர் ஜான் டேலியல் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த கடற்சாமந்தி ஒன்று, கண்ணாடிச் சாடியில் அவர் மறைவுக்குப் பின்னும் பல கை மாறி 1887 வரை வாழ்ந்தது. 'பாட்டி' என்று அதற்குப் பெயர். சாடியின் நீரை அடிக்கடி புதுக் கடல்நீரால் மாற்றியதே அதன் நீண்ட வாழ்வின் அடிப்படை. இம்முறையில் கோட்பாட்டுச் சிக்கல் எதுவும் எழவில்லை. கடலிலிருந்து வீட்டுக்கு நீர் சுமக்க ஆள் இருந்தால் போதும்.

சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் அன்னா தின். 1846இல் டார்க்கி கடற்கரையில் திரட்டிய பவள உயிர்களை அவர் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். வேண்டியபோதெல்லாம் புதுக் கடல்நீர் தருவிக்க முடியாத நிலையில், இருக்கும் நீரையே திரும்பத் திரும்பப் புதுப்பிக்க அவர் வழி கண்டார். திறந்த பலகணியின் முன் நின்று ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றுவதே அவ்வழி. நாள்தோறும் அரைமணி முதல் முக்கால் மணி வரை இதைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். அடுத்த ஆண்டு கடற்பாசியைச் சேர்த்தபின் அந்த உழைப்பு குறைந்தது. தின் அம்மையாரின் குறிப்புகள் 1859இல் காஸின் முயற்சியால் அச்சேறின. பணிப்பெண் அவற்றில் பெயரின்றி வருகிறாள். இன்று காற்றிறைக்கும் மின்பொறி செய்யும் வேலையை முதலில் செய்தவை அவளுடைய இரு கைகள். வரலாற்று நூல்கள் இத்தகவலைச் சுவையான செய்தியாகத் தந்து கடந்துவிடுகின்றன. உள்நாட்டில் கடல்நீர் கெடாமல் நின்றதற்கு அறியப்பட்ட தொடக்கக் காலச் சான்று அவளுடைய உழைப்பே என்பதால் அதற்கு அதைவிடக் கூடிய இடம் உண்டு.

1850இல் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றும் ஒரே கலத்தில் நீர் மாற்றாமலே வாழ்வதை இலண்டன் வேதியியல் கழகத்தில் விளக்கினார். செடி உயிர்வளி தருகிறது. மீன் அதனை உட்கொண்டு கரியமிலவளியை விடுகிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. 1852 அளவில் கடல்நீரிலும் அவர் இதனைச் செய்து பார்த்தார். 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854இல் காஸின் நூல் வந்ததும் நடுத்தர வர்க்க வீடுகளில் கடல்தொட்டி ஒரு பித்தாகவே பரவியது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டதும், இருப்புப்பாதை கடற்கரையை அணுக்கமாக்கியதும் அதற்குத் துணைசெய்தன. அப்பித்து நெடுநாள் நிற்கவில்லை. 1860களிலேயே தளர்ந்தது. தொட்டிகள் நாறின, உயிர்கள் மாண்டன, கடற்கரைப் பாறைக் குழிகள் வெறுமையாயின. அவ்வழிவைப் பிலிப் ஹென்றியின் மகன் எட்மண்ட் காஸ், 1907இல் வெளிவந்த தம் நினைவு நூலில் வருத்தத்துடன் பதிவுசெய்துள்ளார்.

தொட்டிகள் ஏன் நாறின? வாரிங்டனின் சமநிலைக் கொள்கை உயிர்வளி, கரியமிலவளி என்ற இரு வளிகளின் வரவுசெலவுக் கணக்கு. மூன்றாவது ஒரு பொருள் அக்கணக்கில் போதிய இடம் பெறவில்லை. மீனின் கழிவும் அழுகிய உணவும் அம்மோனியாவைத் தருகின்றன. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. அதன் காரகாடிச் சுட்டெண் ஏறத்தாழ 8.1. காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நச்சுப்பகுதி பெருகும். எனவே நடுநிலை நீருள்ள நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அம்மோனியா, கடல்தொட்டியில் கொல்லும் அளவாகிவிடுகிறது.

தந்தையும் மகனும்

இவ்விடத்தில் வரலாறு ஒரு வியப்பான திருப்பத்தைக் காட்டுகிறது. மூத்த வாரிங்டனின் மகன் பெயரும் இராபர்ட் வாரிங்டன். 1838இல் பிறந்த இவர், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் நிகழ்வை ஆராய்வதில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டார். பயிருக்கு உரம் எவ்வாறு கிடைக்கிறது என்பதே அவருடைய வினா. தந்தையின் தொட்டியில் விடுபட்ட கணக்கு அதுவே என்ற எண்ணம் மகனுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

இம்மாற்றம் உயிர்களால் நிகழ்வது என்பதை 1877இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் மெய்ப்பித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரம்பிய நீண்ட குழாய் வழியே அவர்கள் கழிவுநீரை மெல்ல வடியவிட்டனர். முதல் இருபது நாள் எந்த மாற்றமும் இல்லை. அதன்பின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. வெறும் வேதிவினை குளோரோபார்முக்கு மயங்காது, மயங்கியது உயிர். இளைய வாரிங்டன் இச்செயல் இரு படிகளில் நிகழ்வதை, அதாவது அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுவதையும், இரண்டிற்கும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் காரணம் என்பதையும் தெளிவுபடுத்தினார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1890இல் சூரிக் நகரில் பணியாற்றிய உருசிய அறிஞர் செர்கே வினோகிராட்ஸ்கி அதனைச் செய்தார்.

பெயரும் விளக்கமும் அன்று புதியன; செயல் புதிதன்று. பீகாரின் நோனியா மக்கள் கால்நடைக் கழிவு ஊறிய மண்ணைச் சுரண்டிக் கழுவிக் காய்ச்சி எடுத்த வெடியுப்பு, இதே நுண்ணுயிர்களின் விளைபொருள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதனைப் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது. எந்த மண் விளையும், எவ்வளவு நாள் விட்டுச் சுரண்டலாம் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். வெடிமருந்தும் வயல் உரமும் மீன்தொட்டியும் ஒரே நுண்ணுயிர்ச் செயலைச் சார்ந்தவை என்பது பின்னோக்கிப் பார்க்கும்போதுதான் புலனாகிறது.

ஷ்லோசிங், முன்ட்ஸ் குழாய்க்கும் தொட்டியின் மணல் வடிப்பானுக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. இருந்தும் ஒன்றன் அறிவு மற்றொன்றைச் சேர நெடுங்காலம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பட்டறிவால் நெருங்கி வந்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். 1871இல் திறக்கப்பட்ட இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தைத் தரைக்கடியில் அமைத்து, நீரை இடையறாது சுழலவிட்டார். பரந்த கற்பரப்பும் ஓடும் நீரும் நுண்ணுயிர்களுக்கு உகந்த இருப்பிடம் என்பது இன்று தெளிவு. பொதுக் காட்சியகங்கள் தழைத்ததற்கும் வீட்டுத் தொட்டிகள் தோற்றதற்கும் இடையிலான வேறுபாட்டை இந்த நீர்த்தேக்கம் பெரிதும் விளக்குகிறது. நைட்ரேட்டாக்கத்தை மையமாக்கித் தொட்டிப் பராமரிப்பை விளக்கும் போக்கு, ஸ்டீபன் ஸ்பாட்டின் 1970ஆம் ஆண்டு நூல் போன்றவற்றின் வழியாகவே பரவலாயிற்று. வினோகிராட்ஸ்கிக்கும் அந்நூலுக்கும் இடையில் எண்பது ஆண்டுகள்.

சாராயத்தில் மீன், தொட்டியில் மீன்

தமிழகக் கடல்மீன்கள் ஐரோப்பிய அறிவியலை முதலில் அடைந்தது உயிரற்ற நிலையில். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற சமயப்பணியாளர், மீன்களைச் சாராயத்தில் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக்குக்கு அனுப்பினார். கத்தாளை வகை மீன்களின் பேரினம் ஒன்றுக்குப் பிளாக் இட்ட ஜோனியஸ் என்ற பெயர் இவரை நினைவூட்டுவது. மீனைப் பிடித்தவர்கள், அதன் உள்ளூர்ப் பெயரைச் சொன்னவர்கள் யார் என்பது அப்பெயரில் இல்லை.

உயிருள்ள கடல்மீனைப் பொதுமக்கள் கண்ணாடி வழியே பார்க்கும் வாய்ப்பு சென்னையில் 1909ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று கிடைத்தது. ஆளுநராக இருந்த ஆம்ப்தில் பிரபு முன்வைத்த கருத்து அது. திட்டமிட்டவர் அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளால் இன்று அறியப்படும் தர்ஸ்டன், அதற்கு முன்பே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு குறித்தும் இராமேசுவரக் கடலுயிர்கள் குறித்தும் எழுதியவர். காட்சியகம் அவருடைய கடலாய்வின் இயல்பான நீட்சி என்றே கொள்ளலாம். ஆனால் திறப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் பணிக்காலம் முடிந்துவிட்டது. அவருக்குப் பின் அருங்காட்சியகப் பொறுப்பேற்ற ஜே. ஆர். ஹெண்டர்சன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து நண்டு, இறால் வகைகளை ஆராய்ந்தவர். 1919இல் காட்சியகம் மீன்வளத் துறைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் சப்பானியத் தாக்குதல் அச்சம் நிலவிய 1942இல் மூடப்பட்டது.

'ஆசியாவின் முதல் மீன் காட்சியகம்' என்று இதனைச் சுட்டும் வழக்கம் சில எழுத்துகளில் உண்டு. டோக்கியோவின் உவெனோ விலங்கியல் பூங்காவில் 1882இலேயே மீன் காட்சிக்கூடம் இருந்தது. கோபே நகரின் வாடமிசாக்கியில் 1897இல் கடல்நீரைச் சுழலவிட்டு வடிகட்டும் காட்சியகம் அமைந்தது. எனவே இந்தியாவின் முதல் கடல்மீன் காட்சியகம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே சான்றுக்கு இயைந்தது. அதன் பெருமைக்கு அதுவே போதும்.

இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது அது அமைந்த இடம். மெரினாக் கடற்கரையில் நின்ற அக்காட்சியகத்திற்குக் கடல்நீர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பின்னர் 1951இல் மும்பையில் திறக்கப்பட்ட தாராபோரேவாலா காட்சியகமும் கடலோரத்தது. 1947இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளில் தலைமையிடமாகக் கொண்ட மண்டபமும் அவ்வாறே. மெசினாவின் பவர் அம்மையாரைப் போல இவை யாவும் கடலின் விளிம்பில் நின்று பணிசெய்தன. இருக்கும் நீரையே நாள்தோறும் புதுப்பித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இவற்றுக்கு அன்னா தின் சந்தித்த அளவில் எழவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் இயங்கிய சென்னைக் காட்சியகம், உள்நாட்டு வீடுகளுக்கு உரிய ஒரு தொட்டி மரபை விட்டுச் செல்லாததற்கு இந்த இட வசதியும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு.

உள்நாட்டு வீட்டில் முதல் தொட்டி

இனித் திருப்புட்குழி வீட்டுக்குத் திரும்பலாம். கடலிலிருந்து நீர் எடுத்து வருவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் சென்னைக் கரையோர நீர் கூவம், அடையாறு முகத்துவாரங்களின் கழிவுக்கு ஆட்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் உவர்ப்பும் குறையும். தூய நீரே கிடைத்தாலும் அதிலுள்ள மிதவையுயிர்கள் கலத்தில் இறந்து அழுகுவதால், இருட்டில் சில வாரம் தேக்கிவைத்துத் தெளியவிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். ஆகவே உள்நாட்டில் தொட்டி அமைப்போர் பெரும்பாலும் காஸ் காட்டிய வழியில் செல்கின்றனர். விடுபட்ட கால்சியம் முதலியவற்றையும் விகிதப்படி சேர்த்து விற்கப்படும் செயற்கைக் கடலுப்பு 1960களிலிருந்து மேலைநாட்டுச் சந்தையில் உண்டு. நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ அளவில் அது தேவைப்படும்.

கரைக்கும் நீர் எது என்பதும் அத்துணை முக்கியம். காஞ்சிப் பகுதிச் சாயப்பட்டறையார்க்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று. பட்டின் பசை நீக்கவும் சாயமேற்றவும் எல்லா நீரும் ஆகாது. கடினநீரில் சோப்பு திரிந்துபோகும். பாலாற்று நீரே காஞ்சிப் பட்டின் ஒளிக்குக் காரணம் என்ற நம்பிக்கை இங்கு வேரூன்றியது. நீருக்குக் குணம் உண்டு என்ற இந்த அறிவு தொட்டிக்கும் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள உப்புகள் கடலுப்பின் விகிதத்தைக் குலைக்கும் என்பதால், எதிர் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரே பயன்படுத்தப்படுகிறது.

கரைத்த நீரில் மணலும் துளை மிகுந்த கல்லும் இட்டு, நீரைச் சுழலவிட்டு, மீன் இல்லாமலே நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அம்மோனியா சிறிதளவு சேர்க்கப்படும். முதலில் அது உயரும். பின்னர் தாழ, நைட்ரைட்டு உயரும். அதுவும் தாழ்ந்து நைட்ரேட்டு மட்டும் எஞ்சும்போது தொட்டி உயிர்க்குத் தகுதி பெறுகிறது. 1877இன் இருபது நாள் அமைதியும் இளைய வாரிங்டனின் இரு படிகளும் ஒவ்வொரு புதுத் தொட்டியிலும் மீண்டும் நிகழ்கின்றன. புதியோர் பெரும்பாலும் தவறுவது இங்கே. தெளிந்த நீரும் ஒளிரும் விளக்கும் உள்ள வெற்றுத் தொட்டியை ஒரு மாதம் வாளாவிருந்து பார்ப்பது எளிதன்று. முதல் வாரமே வாங்கி விடப்படும் மீன் மூன்றாம் வாரம் இறக்கிறது. பழி விற்றவர் மேலோ நோய் மேலோ விழுகிறது.

தொடங்கிய பின்னும் தொட்டி ஒரு சிற்றுப்பளம் போலவே நடந்துகொள்ளும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெயில் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் மே மாதத்தில் நீர்மட்டம் நாள்தோறும் இறங்கும், உவர்ப்பு ஏறும். குறைந்த அளவை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது நன்னீர். உவர்நீரை ஊற்றினால் உவர்ப்பு மேலும் கூடும். பவளக் கடல்மீன்களுக்கு 24 முதல் 28 பாகை வரையிலான வெப்பம் உகந்தது; குளிரூட்டும் பொறி இன்றிக் கோடையில் அதைக் காப்பது கடினம். சூடான உவர்நீரில் கரையும் உயிர்வளி குறைவு என்பதால், மின்வெட்டின்போது நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் நெருக்கடி நேரலாம். அப்போது குவளையால் நீரை மொண்டு மொண்டு ஊற்றுபவர், தாம் அறியாமலே அன்னா தின் வீட்டுப் பணிப்பெண்ணின் வேலையைச் செய்கிறார்.

கல் எங்கிருந்து வருவது என்ற கேள்வி சட்டத்தையும் தொடுகிறது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளப்பாறையிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைத் துண்டுகளையும் மெல்லிய காற்றோட்டத்தையும் கொண்டே கடல்தொட்டியை நிலைநிறுத்திய முறையை வெளியிட்டார். பின்னர் மேலைநாடுகளில் தழைத்த பவளத் தொட்டி முறைகளுக்கு முன்னோடி இது. தென்கிழக்காசியக் கரை ஒன்றில் எளிதாக இருந்த அம்முறையை மன்னார் வளைகுடாவில் பின்பற்ற வழியில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை நெடுங்காலம் வெட்டப்பட்ட பகுதி அது. 1986இல் அங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் கற்பவளங்களும் கடற்குதிரைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே உள்ளூர்ப் பவளமும் கடற்குதிரையும் வீட்டுத் தொட்டிக்கு உரியன அல்ல. சுட்ட களிமண், உலர்ந்த செயற்கைக் கல் ஆகியவற்றில் நுண்ணுயிர் படர நாளாகும். அந்நாளை விலையாகக் கொடுப்பதே முறை. காஸ் காலத்துப் பாறைக் குழிகளுக்கு நேர்ந்தது இங்கும் நேராதிருக்க வேண்டுமாயின் இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

மீனைப் பொறுத்தவரை நிலைமை சற்றே நம்பிக்கை தருகிறது. கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. பிலிப்பைன்சில் 1960களில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பின் கேடு நன்கு அறியப்பட்டது. கோமாளி மீன்களை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துள்ளன. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி நீருக்கும் கையால் இடும் உணவுக்கும் பழகியது. முதல் தொட்டிக்கு அத்தகைய இணை ஒன்று போதும்.

தொட்டியிலிருந்து அறிவியலுக்கு

வயலில் பிறந்த அறிவு தொட்டிக்கு வந்த கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வினோகிராட்ஸ்கிக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, காற்றுள்ள சூழலில் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவன பாக்டீரியாக்கள் மட்டுமே என்று கருதப்பட்டது. 2005இல் அக்கருத்து மாறியது. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்து வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றின் அடிப்பரப்புச் சரளைக் கல்லிலிருந்து, பாக்டீரியாவும் அல்லாத ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவைச் சார்ந்த நுண்ணுயிர் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அம்மோனியாவையே ஆற்றல் மூலமாகக் கொண்டு வாழும் அதற்கு நைட்ரோசோபியூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிட்டனர். அதன் உறவினங்கள் பெருங்கடல்களில் மிகப் பரவலாகக் காணப்படுவன என்பதும், கடலின் நைட்ரசன் சுழற்சியில் அவற்றின் பங்கு பெரிது என்பதும் அதனையடுத்து வந்த ஆய்வுகளில் தெளிவாயின. கடலில் இவ்வினத்தின் மரபணுத் தடயங்கள் முன்னரே கிடைத்திருந்தும், அது என்ன செய்து உயிர்வாழ்கிறது என்பதைத் தூய வளர்ப்பில் முதலில் காட்டியது அந்தத் தொட்டியின் சரளைக்கல்.